கடல்மீனின் வெண்புள்ளி: ஒரு சிறு வரலாறு



அரியலூரிலும் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலும் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல். இன்று அதே மண்ணில் உங்களில் சிலர் உப்பு கரைத்த தொட்டியில் கடல்மீன் வளர்க்கிறீர்கள். வெண்புள்ளி நோய் பற்றி என்னிடம் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொட்டிக் கடல்மீன் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1909-லேயே சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் வந்துவிட்டது. இந்த நோயை 1930-களில் ஜப்பானின் சிகாமா விவரித்தார். 1951-ல் பிரவுன் என்ற ஆய்வாளர் அந்த ஒட்டுண்ணிக்குக் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்று பெயரிட்டார்.

பின்வந்த ஆய்வுகள் சொன்னதுதான் முக்கியம். மீனின் தோலில் சில நாள் தின்ற ஒட்டுண்ணி தானே உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் ஒட்டிக் கூடு கட்டிப் பல குஞ்சுகளாகப் பிரிகிறது. புள்ளி மறைந்தது, நோய் போயிற்று என்று நாம் மகிழ்வது அப்போதுதான்!

செம்பு மருந்து நீந்தும் குஞ்சுகளைக் கொல்லும், கூட்டை அழிக்காது. பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். ஆகவே எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கே மருந்து கொடுங்கள். பழைய தொட்டி சுமார் இரண்டரை மாதம் மீனின்றி இருக்கட்டும். வெளிவரும் குஞ்சுகள் மீன் கிடைக்காமல் ஓரிரு நாளில் சாகும்.

புதிதாக வாங்கும் மீனையும் சில வாரம் தனியே வையுங்கள். அம்மை கண்டவரைத் தனியே வைத்த நம் பாட்டிமார் முறைதான் இது.