ககன்தீப் காங்

ககன்தீப் காங் (பிறப்பு: 3 நவம்பர் 1962) குழந்தைகளின் குடலைத் தாக்கும் வைரஸ்களையும் அவற்றுக்கு எதிரான தடுப்பு மருந்துகளையும் ஆராய்ந்துவரும் இந்திய நுண்ணுயிரியலாளர். சிம்லாவில் பிறந்தவர், பணிவாழ்வின் பெரும்பகுதி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கழிந்தது. ரோட்டா வைரஸ் ஒரு குழந்தையை எத்தனை முறை தொற்றுகிறது, ஒவ்வொரு தொற்றுக்கும் பிறகு எவ்வளவு பாதுகாப்பு மிஞ்சுகிறது, அந்தப் பாதுகாப்பு ஊருக்கு ஊர் ஏன் வேறுபடுகிறது என்பவையே அவர் ஆய்வின் அடிப்படைக் கேள்விகள். 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவிலிருந்து பணியாற்றும் பெண் அறிவியலாளர் ஒருவருக்கு அந்தச் சிறப்பு கிடைத்தது அதுவே முதல் முறை.

வைரஸும் வேலூரும்

குழந்தைகளுக்கு வரும் கடுமையான வயிற்றுப்போக்கில் பெரும்பகுதிக்கு 1970களின் தொடக்கம் வரை காரணம் தெரியாமலே இருந்தது. பல் முளைப்பதால் பேதி, மாந்தம், வெயில் என்று வீடுகளில் பேசிக்கொண்டார்கள். மருத்துவமனைகளிலும் பாக்டீரியா எதுவும் சிக்காவிட்டால் விளக்கம் இல்லாமல் போனது. 1973இல் மெல்போர்ன் ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் ரூத் பிஷப்பும் குழுவினரும், பேதியால் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் முன்சிறுகுடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்களுக்குள், பின்னாளில் ரோட்டா வைரஸ் என்று பெயர்பெற்ற சக்கர வடிவத் துகள்கள் நிறைந்திருக்கக் கண்டார்கள். அடுத்த ஆண்டே, அந்தக் குழுவைச் சேர்ந்த இயன் ஹோம்ஸ், வேலூரின் மின்னி மேத்தன், செல்வின் பேக்கர் உள்ளிட்டோர் வேலூர் நோயாளிகள் பற்றிய தங்கள் குறிப்பை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். வேலூரில் வெல்கம் அறக்கட்டளை உதவியுடன் ஒரு குடல்நோய் ஆய்வுப் பிரிவு ஏற்கெனவே இயங்கிவந்ததால்தான் இது இவ்வளவு விரைவில் நடந்தது.

ரோட்டா வைரஸ் ஏழை நாட்டுக் குழந்தையையும் பணக்கார நாட்டுக் குழந்தையையும் ஏறக்குறைய ஒரே அளவில் தொற்றும். ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. நல்ல குடிநீரும் கழிப்பறையும் காலராவைத் தடுப்பதுபோல் இதைத் தடுப்பதில்லை. சாவில்தான் வித்தியாசம். 2008ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 4,53,000 குழந்தைகள் இந்த வைரஸால் இறந்தார்கள். அவர்களில் 22 விழுக்காட்டினர் இந்தியக் குழந்தைகள். நீரிழப்பு முற்றுவதற்குள் உப்பு சர்க்கரைக் கரைசலோ குளுக்கோஸ் பாட்டிலோ கிடைக்காத வீடுகளில் நேர்ந்த சாவுகள் இவை.

கல்வி

காங்கின் தந்தை ரயில்வே பொறியாளர் என்பதால் பள்ளிப்பருவம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. வேலூரில் 1987இல் எம்பிபிஎஸ், 1991இல் நுண்ணுயிரியலில் எம்டி, 1998இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டஸின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்றார். ரோட்டா வைரஸின் புரதங்களில் ஒன்றான என்எஸ்பி4 தனியாகவே பேதியை உண்டாக்கும் நச்சாகச் செயல்படுகிறது என்பதை 1996இல் கண்டறிந்தது அந்த ஆய்வகம்தான். வைரஸ் ஒன்றில் அத்தகைய நச்சு அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் முறை. இந்தப் பயிற்சியோடு காங் வேலூருக்கே திரும்பிவந்தார்.

பிறப்பிலிருந்து மூன்று ஆண்டுகள்

அவருடைய பெயர் நிலைக்கப்போவது எந்த ஆய்வால் என்று கேட்டால், 2002இல் வேலூர் நகரின் ராமநாயக்கன்பாளையம், சின்னல்லாபுரம், கஸ்பா ஆகிய மூன்று குடியிருப்புகளில் தொடங்கிய ஆய்வைத்தான் சொல்ல வேண்டும். பீடி சுற்றியும் கூலிவேலை செய்தும் பிழைக்கும் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடங்கள் அவை. அங்கே பிறந்த 452 குழந்தைகள் பிறந்தவுடனே ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்குப் போய், குழந்தைக்குப் பேதி உண்டா, எத்தனை தடவை போயிற்று, வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா என்று தாயிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பேதி வந்தால் மலமாதிரி எடுத்தார்கள். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தமும் எடுக்கப்பட்டது. வேலை தேடிக் குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் நகரப்பகுதியில், 373 குழந்தைகளை முழுமையாக மூன்று ஆண்டுகள் பின்தொடர முடிந்தது. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருப்பது களப்பணியாளர்களின் உழைப்பும், அவர்களைத் திரும்பத் திரும்ப வீட்டுக்குள் அனுமதித்த தாய்மார்களின் பொறுமையும். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் இவர்கள் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. ஆனால் அந்த அறிவு அவர்களிடமிருந்து வந்தது.

நோயில்லாத நாளிலும் மாதிரி எடுத்ததுதான் இந்த ஆய்வின் உயிர். மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளை மட்டும் எண்ணினால், அறிகுறியே காட்டாமல் வந்துபோகும் தொற்றுகள் கணக்கில் வராது. நோயெதிர்ப்புச் சக்தியோ அந்த அமைதியான தொற்றுகளிலும்தான் உருவாகிறது.

முடிவுகள் 2011இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. மூன்று ஆண்டுகளில் 1,103 தொற்றுகள் பதிவாகியிருந்தன. ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே 56 விழுக்காடு குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிட்டது. பதிவான தொற்றுகளில் ஏறக்குறைய 30 விழுக்காடுதான் முதல் தொற்று. மற்றவை எல்லாம் மறுதொற்று. மூன்று முறை தொற்றிய பிறகும், நடுத்தர அல்லது கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

இந்தக் கடைசி எண்ணின் கனம் புரிய, மெக்சிகோ நகரில் நடந்து 1996இல் வெளியான ஆய்வைப் பார்க்க வேண்டும். அங்கே 200 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். இரண்டு முறை தொற்றிய குழந்தை ஒன்றுக்குக்கூட அதற்குப் பிறகு நடுத்தரமான அல்லது கடுமையான நோய் வரவில்லை. இரண்டு தொற்று முழுப் பாதுகாப்பு தருமென்றால், இரண்டு மூன்று தவணைச் சொட்டு மருந்தும் அதையே தரும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆய்வு பெரிய ஆதாரமாக இருந்தது. வேலூர் அந்த நம்பிக்கைக்கு எல்லை வகுத்தது. இயற்கையான தொற்றே மூன்று முறை வந்தும் முழுப் பாதுகாப்பு தராத ஊரில், வலுக்குறைத்த வைரஸ் எவ்வளவு செய்யும்? அதே வகை வைரஸ் மீண்டும் வந்தால் உடல் அதை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது: அங்கே அதிகம் காணப்பட்ட ஜி1பி8 வகை தன் வகைக்கு எதிராகவே தனிப் பாதுகாப்பு எதையும் விட்டுச்செல்லவில்லை.

பிறந்த குழந்தைகளின் வைரஸ்

இதற்கு முன்பே இன்னொரு கதை டெல்லியில் தொடங்கியிருந்தது. 1980களின் நடுவில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் மகாராஜ் கிஷன் பான், பச்சிளங்குழந்தைகளிடம் பேதியே உண்டாக்காத ஒரு ரோட்டா வைரஸ் பரவியிருப்பதைக் கவனித்தார். அந்தத் தொற்று வந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் கடும் ரோட்டா நோய் குறைவாக வந்தது. 116இ என்று எண்ணிடப்பட்ட அந்த வைரஸ், மனித ரோட்டா வைரஸ் ஒன்று மாட்டு வைரஸின் மரபணு ஒன்றை இயற்கையாகவே ஏற்றதால் உருவானது. ஆய்வகத்தில் வலுக்குறைக்கத் தேவையில்லாமல் இயற்கையே தயாரித்துத் தந்த தடுப்பு மருந்து என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் பச்சிளங்குழந்தைகளிடம் காணப்படும் ரோட்டா வைரஸ் எல்லாம் அப்படி நடந்துகொள்வதில்லை. வேலூரில் அந்த வயதில் பரவலாகக் காணப்பட்டது ஜி10பி11 என்ற வகை. அதைப் பெற்ற குழந்தைகளுக்குப் பின்னாளில் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று காங்கின் குழு 2007இல் அறிவித்தது. டெல்லி முடிவை அப்படியே எல்லா ஊருக்கும் நீட்டிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. 116இ வைரஸை மருந்தாக்க நடந்த, தானும் பங்கெடுத்த முயற்சிக்கே சங்கடம் தரக்கூடிய முடிவையும் மறைக்காமல் வெளியிட்டது காங்கின் ஆய்வு ஒழுக்கத்துக்குச் சான்று.

116இ வைரஸை ரோட்டாவாக் என்ற மருந்தாக்கும் பணியில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, ஐதராபாத்தின் பாரத் பயோடெக், அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள், பாத் அமைப்பு ஆகியவை சேர்ந்தன. வெளிநாட்டு மருந்துகளான ரோட்டாரிக்ஸும் ரோட்டாடெக்கும் 2006 முதல் சந்தையில் இருந்தும், அவற்றின் விலை இந்தியா போன்ற நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்துக்கு எட்டவில்லை. ஒரு தவணை ஒரு டாலர் என்பது இந்திய மருந்தின் இலக்கு.

மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று மையங்களில் 2011இல் தொடங்கியது. 6,799 குழந்தைகள் பங்கேற்றார்கள். மூவரில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு மருந்தற்ற திரவம். கடும் ரோட்டா நோய்க்கு எதிராக மருந்தின் திறன் 53.6 விழுக்காடு என்று 2014இல் லான்செட்டில் வெளியான கட்டுரை தெரிவித்தது.

பாதிக்குச் சற்று மேல் என்ற இந்த எண் அப்போது பலருக்கு ஏமாற்றம் தந்தது. வேலூர் ஆய்வைப் படித்தவர்களுக்கு அது வியப்பளித்திருக்காது. வெளிநாட்டு மருந்துகளும் ஆப்பிரிக்கா, ஆசியாவின் ஏழை நாடுகளில் இதே அளவுதான் பலன் தந்தன. நோய்ச்சுமை பெரிதாக இருக்கும் இடத்தில் பாதித் திறனுள்ள மருந்துகூட, நோய் குறைவான நாட்டில் முழுத்திறனுள்ள மருந்தைவிட அதிக உயிர்களைக் காக்கும்.

இன்னொரு கவலைக்கு நியாயமான காரணம் இருந்தது. அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற முதல் ரோட்டா மருந்தான ரோட்டாஷீல்டு, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் குடல் செருகலைச் சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு உண்டாக்கியதால், மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே ரோட்டாவாக் சோதனையின் குடல் செருகல் தரவுகளை மையவாரியாக வெளியிட வேண்டும் என்று பொதுநலச் செயற்பாட்டாளர்கள் கேட்டார்கள். கேட்கப்பட வேண்டிய கேள்விதான் அது. சில ஆயிரம் குழந்தைகளில் நடக்கும் சோதனையால் பத்தாயிரத்தில் ஒன்றாக வரும் ஆபத்தைப் பிடிக்க முடியாது. மருந்து பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பிறகு கண்காணித்தால்தான் விடை கிடைக்கும். காங்கும் பங்கேற்ற பல மருத்துவமனைக் கண்காணிப்பின் முடிவு 2020இல் வெளியானது. மருந்துக்கும் குடல் செருகலுக்கும் தொடர்பு தென்படவில்லை.

வாய்வழி மருந்து ஏன் தோற்கிறது

வாய்வழி மருந்து ஏழை நாடுகளில் குறைவாகவே பலன் தருவது ரோட்டாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. 1970களின் தொடக்கத்திலேயே வேலூரின் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணை போலியோ சொட்டு மருந்துக்குப் பிறகும் பல குழந்தைகளுக்கு எதிர்ப்பொருள் உருவாகவில்லை என்று காட்டியிருந்தார். அதே கல்லூரியில் அதே கேள்வியைக் காங் புதிய கருவிகளோடு எடுத்துக்கொண்டார்.

முதலில் தோன்றும் விடைகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. ரோட்டா மருந்தின் தவணையை மூன்றிலிருந்து ஐந்தாக்கிப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க பலன் இல்லை. குடலில் உள்ள பாக்டீரியாக் கிருமிகள்தான் தடையோ என்று, போலியோ சொட்டு மருந்துக்கு முன்னால் அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமிகள் குறைந்தன, எதிர்ப்பொருள் கூடவில்லை. வேலூர், மலாவி, இங்கிலாந்து ஆகிய மூன்று இடத்துக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வு, தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் எதிர்ப்பொருள் மருந்து வைரஸின் வேலையைக் குறைக்கிறது என்று காட்டியது. வேலூர்க் குழந்தைகளில் பலருக்கு மருந்து போடும் முன்னரே இயற்கையாக ரோட்டா தொற்றியிருந்ததும் அதில் தெரியவந்தது.

பலன் தந்த விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஏற்கெனவே சொட்டு மருந்து பெற்ற 1 முதல் 4 வயது வரையான 450 வேலூர்க் குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு ஊசிவழி போலியோ மருந்து ஒரு தவணை போடப்பட்டது. பிறகு எல்லோருக்கும் சொட்டு மருந்து கொடுத்து, மலத்தில் வைரஸ் வெளியேறுகிறதா என்று பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் முதல் வகை வைரஸை வெளியேற்றியவர்கள் 38 விழுக்காடும், மூன்றாம் வகையை வெளியேற்றியவர்கள் 70 விழுக்காடும் குறைந்தார்கள். ஊசி இரத்தத்தை மட்டும் காக்கும், குடலைக் காக்காது என்ற பழைய எண்ணம் திருத்தப்பட்டது: முன்பே சொட்டு மருந்து கண்ட குடலின் எதிர்ப்பை ஊசி மீண்டும் தூண்டுகிறது. 2014இல் வெளியான இந்த முடிவு, உலகப் போலியோ ஒழிப்புத் திட்டத்தில் ஊசிமருந்தைச் சேர்க்கும் வாதத்துக்கு வலுச்சேர்த்தது. இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் அது 2015 நவம்பரில் நுழைந்தது.

பிற பணிகள்

2016 முதல் 2020 வரை ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசின் டிஎச்எஸ்டிஐ ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். கோவிட் காலத்தில் தடுப்பூசித் தரவுகளைப் பற்றிப் பொதுமக்களுக்குப் புரியும்படி பேசிய சிலரில் அவரும் ஒருவர். சோதனை முடிவுகள் வெளிவரும் முன் அனுமதி தருவதைக் குறித்துத் தயங்காமல் கேள்வி எழுப்பினார். 2016இல் இன்ஃபோசிஸ் பரிசும் 2024இல் கனடாவின் கெய்ர்ட்னர் அமைப்பு வழங்கும் உலக நலவாழ்வு விருதும் பெற்றார். 2023இல் கேட்ஸ் அறக்கட்டளையில் சேர்ந்தார்.

இன்றைய நிலை

ரோட்டா சொட்டு மருந்து 2016இல் ஆந்திரம், ஒடிசா, அரியானா, இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2017இலும், நாடு முழுவதும் 2019க்குள்ளும் நடைமுறைக்கு வந்தது. பேதியால் மருத்துவமனையில் சேரும் குழந்தைகளில் ரோட்டா காரணமானவர்களின் பங்கு மருந்துக்கு முன் 40 விழுக்காடாக இருந்தது, 2019, 2020இல் 20 விழுக்காடாகக் குறைந்ததாக 2025இல் வெளியான கண்காணிப்பு ஆய்வு கூறுகிறது.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 6, 10, 14 ஆகிய வாரங்களில் மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. மூன்று தவணையும் பெற்ற குழந்தைக்கும் பேதி வரக்கூடும். வந்தால் உடனே உப்பு சர்க்கரைக் கரைசலைத் தொடங்குங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாளும் முழுமையாகக் கொடுங்கள்.