பாறைக் கம்பளி கல்நார் அல்ல

ஏ9 வீதியோரக் கடைத்தொகுதிகளின் மேற்குச் சுவரில் பின்னேரம் கைவைத்தால் சுடும். பாறைக் கம்பளியால் சுவரை மூடலாம் என்றால், "அது சீற் கூரையில் இருக்கிற கல்நார்தானே?" என்று என்னிடம் கேட்கிறார்கள். எறிகணையில் நொறுங்கிய சீற்றுகளுக்கு இடையில் வாழ்ந்தவர்களின் பயம் நியாயமானது. ஆனால் இரண்டும் வேறு.

கல்நார் நிலத்திலேயே நாராக இருக்கும் கனிமம். அதன் தூசு புற்றுநோய் தரும். பாறைக் கம்பளி, எரிமலைப் பாறையைச் சுமார் 1,500 பாகை செல்சியஸில் உருக்கி இழையாக்குவது. சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2001இல் இதை, புற்றுநோய்க் காரணியென வகைப்படுத்த முடியாத மூன்றாம் பிரிவில் வைத்தது. வெட்டும்போது தோலும் கண்ணும் அரிக்கும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

சுவரின் வெளிப்பக்கத்தில், கொங்கிறீற் தூண்களையும் மூடி, இடைவெளியின்றிப் பொருத்த வேண்டும். தூணை விட்டால் அதன் வழியே வெப்பம் உள்ளே வரும். அதற்கு வெளியே மழையைத் தடுக்கும் தகடு, நடுவில் காற்றோட்ட இடைவெளி. மாரியில் ஊறிய கம்பளியால் பயனில்லை.

ரெஜிபோம் மலிவுதான், ஆனால் எரியும். 2017இல் லண்டன் கிரென்பெல் கோபுரத்தில் 72 உயிர்களைப் பறித்த தீ, வெளிச்சுவரின் பிளாஸ்டிக் உள்ளீட்டுத் தகடுகளிலும் நுரைக் காப்பிலும் ஏறியது. பாறைக் கம்பளி எரியாது. மாடியில் ஆட்கள் தங்கும் கட்டடத்துக்கு ரெஜிபோமை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒற்றைத்தளச் சிறுகடைக்கு இவ்வளவு செலவு வேண்டாம். மேற்கே ஒரு தாழ்வாரம் இறக்கினால் போதும்.