கோஸ்ட்வாட்ச்: ஓர் இரவு நாடகமும் பார்வையாளர் நம்பிக்கையும்

கோஸ்ட்வாட்ச் என்பது பிரிட்டனின் பி.பி.சி. 1 தொலைக்காட்சியில் 1992 அக்டோபர் 31, சனிக்கிழமை இரவு ஒளிபரப்பான ஒன்றரை மணி நேர நாடகம். ஆவி நடமாடுவதாகச் சொல்லப்படும் வீட்டிலிருந்து வரும் நேரலை போல அது அமைக்கப்பட்டிருந்தது. உண்மையில் பல வாரங்களுக்கு முன்பே பதிவுசெய்யப்பட்டது. ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்தனர். அதை மெய்யான நேரலை என்றே நம்பியவர்கள் பலர். எனவே பின்னர் எழுந்த விவாதம், கதையின் தரத்தைவிட, ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தன் பார்வையாளரை எந்த அளவுக்கு ஏமாற்றலாம் என்பதைப் பற்றியதாக அமைந்தது.

உருவாக்கம்

நாடகத்தை எழுதியவர் ஸ்டீபன் வோல்க், இயக்கியவர் லெஸ்லி மானிங், தயாரித்தவர் ரூத் பாம்கார்ட்டன். வோல்க் முதலில் ஆறு பகுதிகள் கொண்ட தொடராகத் திட்டமிட்டார். அதன் இறுதிப் பகுதி மட்டும் நேரலை வடிவில் இருக்கும். பிறகு அந்த இறுதிப் பகுதியே தனி நாடகமாக விரிந்தது. வடக்கு லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் 1977 முதல் ஒரு வீட்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ஆவித் தொல்லைகள் இதற்குத் தூண்டுதலாக இருந்தன.

நாடகத்தின் வலிமை அதில் தோன்றிய முகங்கள். நேர்காணல்களால் புகழ்பெற்ற மைக்கேல் பார்க்கின்சன், குழந்தைகள் நிகழ்ச்சிகளின் தொகுப்பாளர் சாரா கிரீன், அவருடைய கணவர் மைக் ஸ்மித், கிரெய்க் சார்லஸ் ஆகியோர் தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தனர். வீட்டிலிருந்த குடும்பத்தினரும் ஆய்வாளரும் மட்டுமே மக்களுக்கு அதிகம் பழக்கமில்லாத நடிகர்கள்.

கதையின் திருப்பங்கள்

நார்தோல்ட் பகுதியில் பாமெலா எர்லி என்ற பெண் தன் இரு மகள்களுடன் வாழ்கிறார். சுவருக்குள் கேட்கும் ஓசையைத் தண்ணீர்க் குழாய்களின் சத்தம் என்று தாய் சொல்லிச் சமாளித்ததால், குழந்தைகள் அந்த ஆவிக்கு 'பைப்ஸ்' என்று பெயரிடுகின்றனர். பாதியில் மூத்த மகளே ஓசை எழுப்புவது கேமராவில் பிடிபடுகிறது. எல்லாம் பித்தலாட்டம் என்று அரங்கில் முடிவுகட்டுகிறார்கள். அதன் பிறகே உண்மையான அச்சம் தொடங்குகிறது. வீடு அமைதியாக இருப்பதாகக் காட்டும் படம் முன்பே எடுக்கப்பட்டது என்பது தெரியவருகிறது. இறுதியில், கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பார்த்ததே ஆவியை அழைக்கும் சடங்காகிவிட்டது என்று ஆய்வாளர் உணர்கிறார்.

பார்வையாளர் எதிர்வினை

நாடகம் என்பதற்கான குறிப்புகள் இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் 'ஸ்கிரீன் ஒன்' என்ற நாடக வரிசையின் பெயரும் எழுத்தாளரின் பெயரும் காட்டப்பட்டன. நிகழ்ச்சி இதழில் நடிகர் பட்டியலும் இருந்தது. ஆனால் தொடக்கத்தைத் தவறவிட்டவர்களுக்கு இவை எட்டவில்லை. திரையில் காட்டப்பட்ட 081 811 8181 என்ற எண், பி.பி.சி. தன் மெய்யான நிகழ்ச்சிகளில் பயன்படுத்திவந்த எண். அழைத்தவர்களுக்கு 'இது கற்பனை' என்று சொல்லும் ஏற்பாடு இருந்தும், அழைப்புகள் குவிந்ததால் பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. ஐயத்தைத் தீர்க்க வேண்டிய எண் அச்சத்தைக் கூட்டியது.

கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. இரவு 9 மணிக்குப் பிந்தைய, பெரியவர்களுக்கான நாடகம் அது என்றும், துணிச்சலான முயற்சி என்றும் ஒரு சாரார் கூறினர். விடுமுறை நாளில் விழித்திருந்த பிள்ளைகள், தாங்கள் நம்பும் சாரா கிரீன் ஆபத்தில் சிக்குவதைக் கண்டு அலறியதாகப் பெற்றோர் குற்றம்சாட்டினர். பத்திரிகைகளும் கண்டித்தன.

விளைவுகள்

ஒளிபரப்புக்குச் சில நாட்களுக்குப் பின் 18 வயது இளைஞர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். நிகழ்ச்சி ஏற்படுத்திய கலக்கமே காரணம் என்று அவருடைய பெற்றோர் கூறி, முறையீட்டைத் தொடர்ந்து முன்னெடுத்தனர். 1994-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், நிகழ்ச்சியைப் பார்த்தபின் மன அதிர்ச்சிக்கு உள்ளான 10 வயதுச் சிறுவர் இருவரைப் பற்றிய மருத்துவர்களின் குறிப்பை வெளியிட்டது. ஒளிபரப்பு நெறிகளைக் கண்காணித்த அமைப்பு, பார்வையாளர் மீது நிகழ்த்தப்படும் ஏமாற்றை வெறும் குறிப்புகளால் உணர்த்தினால் போதாது, அதற்குமேலும் செய்யும் கடமை பி.பி.சி.க்கு இருந்தது என்று தீர்ப்பளித்தது.

பிற்கால மதிப்பீடு

பி.பி.சி. தொலைக்காட்சியில் நாடகம் மறுஒளிபரப்பாகவில்லை. 2002-இல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் அதைக் குறுந்தகடாக வெளியிட்டது. அதன் பின் புதிய ரசிகர்கள் உருவாயினர். அவர்கள் ஆண்டுதோறும் அதே இரவில் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கின்றனர், காட்சிகளின் ஓரங்களில் பைப்ஸ் தென்படும் இடங்களைத் தேடுகின்றனர். 1992-இல் கோபத்தை எழுப்பிய நுட்பங்களே இன்று பாராட்டப்படுகின்றன. இன்று பார்ப்பவர் கற்பனை என்று அறிந்தே அமர்கிறார். அன்று பார்த்தவருக்கு அந்தத் தேர்வு அளிக்கப்படவில்லை. இரு தலைமுறைகளின் கருத்துகள் வேறுபடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.