ஸ்டைவசன்ட் வாசலும் கல்லூரி வாசலும்

ஃபிளஷிங் பௌன் தெருப் பிள்ளையார் கோவில் கேன்டீனில், இட்லித் தட்டோடு உட்காரும் பெற்றோரின் பேச்சு இலையுதிர் காலம் வந்தால் ஒரே திசைக்குத் திரும்பிவிடும். நியூயார்க்கில் ஸ்டைவசன்ட் போன்ற அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சேர எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் எஸ்.எச்.எஸ்.ஏ.டி. தேர்வு நெருங்கியிருக்கும். எந்த ட்யூஷன் சென்டர் நல்லது, யார் வீட்டுப் பையனுக்குப் போன வருஷம் ஸ்டைவசன்ட் கிடைத்தது, யாருக்குக் கைநழுவியது என்பதுதான் பேச்சு.

“அக்கா, ஸ்டைவசன்ட் கிடைச்சாத்தான் ஹார்வர்டு, கொலம்பியா பக்கமெல்லாம் போக முடியும்னு சொல்றாங்களே, நெஜமா?” என்று ஓர் இளம் தாய் என்னிடம் கேட்டார். நான் குவீன்ஸில், நுழைவுத் தேர்வு எதுவும் வைக்காத ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறவள். ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நம்பிக்கை இந்த ஊரில் எப்படி வேர் பிடித்தது என்பதைச் சொல்லாமல் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? தேர்வு எழுதி ஒரு பள்ளிக்குள் நுழைந்தால் கல்லூரியும் உறுதி என்பது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது.

அந்தக் காலம் டவுன்செண்ட் ஹாரிஸ் பள்ளியின் காலம். நியூயார்க் சிட்டி கல்லூரி 1847-இல் கட்டணமில்லாக் கல்லூரியாக நிறுவப்பட்டது. அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்த பள்ளி டவுன்செண்ட் ஹாரிஸ். கடினமான நுழைவுத் தேர்வு. நான்கு ஆண்டுப் பாடம் மூன்று ஆண்டில் முடியும். தேறி வந்தால் சிட்டி கல்லூரியில் இடம் உறுதி. போலியோ தடுப்பூசியைக் கண்டுபிடித்த ஜோனாஸ் சால்க் பதின்மூன்று வயதில் அங்கே நுழைந்தவர். அவருடைய பெற்றோர் அதிகம் படித்தவர்கள் அல்லர். அங்கிருந்து நேரே சிட்டி கல்லூரி, 1934-இல் பட்டம். பணமும் செல்வாக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி வாசலே கல்லூரி வாசலாக இருந்தது. ஹார்வர்டின் தலைவர் லோவெல் 1922-இல் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசிய காலம் அது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், அந்த வாசல் எத்தனை பெரிது என்பது புரியும். 1942-இல் மேயர் லகார்டியா சிக்கனம் என்ற பெயரில் அந்தப் பள்ளியை மூடினார். சிட்டி கல்லூரியின் இலவசப் படிப்பும் 1976-இல் முடிந்தது. வாசல் போய்விட்டது, அது இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது.

அந்த நம்பிக்கை போய் ஒட்டிக்கொண்ட இடம் ஸ்டைவசன்ட். 1904-இல் தொடங்கியபோது அது ஆண் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளி. கூட்டம் தாங்காமல் 1930களில் நுழைவுத் தேர்வு வைத்தார்கள். 1938-இல் பிராங்ஸ் சயின்ஸ் என்ற இன்னொரு தேர்வுப் பள்ளி வந்தது. ஒரு மாணவி வழக்குப் போட்ட பிறகு, 1969-இல்தான் ஸ்டைவசன்ட் பெண்களைச் சேர்த்தது. 1971-இல் ஹெக்ட்-கலாண்ட்ரா சட்டம் வந்து, இந்தப் பள்ளிகளில் சேர ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்தான் அளவுகோல் என்று மாநில அளவில் எழுதி வைத்துவிட்டது. மூன்றாண்டு நடுநிலைப் பள்ளிப் படிப்பும் ஆசிரியர் கருத்தும் கணக்கில் வராது. அந்த ஒரு காலைப்பொழுதைச் சுற்றித்தான் எங்கள் குவீன்ஸில் தெருவுக்குத் தெரு ட்யூஷன் சென்டர்கள் முளைத்தன. 2019-இல் ஸ்டைவசன்ட் கொடுத்த 895 இடங்களில் கறுப்பின மாணவர்களுக்குக் கிடைத்தவை 7. நகரத்தின் பொதுப் பள்ளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளை கறுப்பினப் பிள்ளை. அதற்கு முந்தைய ஆண்டு மேயர் டி பிளாசியோ இந்தத் தேர்வை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதலில் நிற்கும் 7 சதவீதத்துக்கு இடம் கொடுக்கலாம் என்றார். நம் மக்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். திட்டம் நிறைவேறவில்லை.

பிராங்ஸ் சயின்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எடுத்து வைப்பது நோபல் கணக்கை. ஒன்பது பேர்; கடைசியாக 2023-இல் கிளாடியா கோல்டின். ஷெல்டன் கிளாஷோவும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் 1950-இல் ஒரே வகுப்பில் முடித்து, இருவரும் கார்னெல் போய், 1979-இல் ஒன்றாகவே இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். கேட்கும்போதே மெய் சிலிர்க்கிறது. ஆனால் அதே நகரத்தின் சாதாரணப் பேட்டைப் பள்ளிகளின் கணக்கை யாரும் எடுத்து வைப்பதில்லை. குவீன்ஸ் கடற்கரையோரத்து ஃபார் ராக்கவே பள்ளியில் ரிச்சர்டு ஃபைன்மன், பர்ட்டன் ரிக்டர், பாரூக் பிளம்பெர்க் என்று மூன்று நோபல்காரர்கள் படித்தார்கள். புரூக்ளினின் ஜேம்ஸ் மேடிசன் பள்ளியில் ராபர்ட் சோலோ, கேரி பெக்கர், ஸ்டான்லி கோஹன், மார்ட்டின் பெர்ல். ஆபிரகாம் லிங்கன் பள்ளியில் ஆர்தர் கோர்ன்பெர்க், பால் பெர்க், ஜெரோம் கார்ல். இந்தப் பத்துப் பேரும் எந்தத் தேர்வும் எழுதி உள்ளே வந்தவர்கள் அல்லர். அந்தத் தெருக்களில் குடியிருந்தார்கள், பக்கத்துப் பள்ளிக்குப் போனார்கள். ஃபைன்மனைக் கொலம்பியா சேர்த்துக்கொள்ளவில்லை. காரணம் அவர் படித்த பள்ளி அல்ல, யூதர்களுக்கு அங்கே இருந்த வரம்பு. எம்.ஐ.டி. சேர்த்துக்கொண்டது. ஃபார் ராக்கவே பள்ளியை 2011-இல் மூடிவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மாணவரைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் எல்லாப் பொதுப் பள்ளியையும் இன்று நாம் ‘மேக்னட்’ என்றே சொல்கிறோம். ஆனால் மேக்னட் பள்ளிகள் பிறந்த காரணம் கல்லூரியே அல்ல. பள்ளிகளில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொன்னபோது, பேருந்தில் ஏற்றிக் கட்டாயமாக அனுப்புவதற்குப் பதில், பெற்றோர் தாமாகவே வரும்படி கறுப்பர் பகுதிப் பள்ளிகளில் சிறப்புப் பாடங்களை வைத்தார்கள். டக்கோமாவின் மெக்கார்வர் தொடக்கப் பள்ளி 1968-இல் அப்படித்தான் தொடங்கியது. எழுபதுகளில் மத்திய அரசு பணம் கொடுத்தது. மேரிலாந்தின் மான்ட்கமரி பிளேர் பள்ளியில் 1985-இல் வந்த அறிவியல் மேக்னட்டும் இதே நோக்கத்தோடு வந்ததுதான். சமத்துவத்துக்காக எழுந்த ஏற்பாடு ஒரு தலைமுறைக்குள் போட்டிக் களமாக மாறிவிட்டது.

அந்தப் போட்டி கல்லூரி வாசலில் எப்படித் திரும்பி அடித்தது என்பதை டெக்சஸில் தெளிவாகப் பார்க்கலாம். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 1996-இல் ஹாப்வுட் வழக்கில் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது: எந்தப் பள்ளியானாலும், தன் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் அந்த வரம்பு பிறகு 6 ஆகி, 2026 சேர்க்கைக்கு 5 ஆகிவிட்டது. ஊரிலுள்ள கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் ஒரே கட்டடத்தில் சேர்த்துவிட்டால், அவர்களிலும் பத்தில் ஒருவர்தானே முதல் பத்து சதவீதம்? பேட்டைப் பள்ளியில் முதல் ரேங்க் வாங்கியிருக்கக்கூடிய பெண், மேக்னட்டில் நடுவில் நிற்பாள். கல்லன், லாங், ரீபேக் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தபோது, சில குடும்பங்கள் இதை உணர்ந்து, போட்டி குறைந்த பள்ளியையே பிள்ளைக்குத் தேர்ந்தெடுத்தது தெரியவந்தது. அதைக் குறுக்கு வழி என்று நான் சொல்ல மாட்டேன். எந்த ஏழைப் பள்ளியிலும் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு கதவு உண்டு என்று சொன்ன சட்டம் அது. எனக்குப் பிடித்த சட்டம்.

தனியார் பெரிய கல்லூரிகளிலும் இதே கணக்கு வேறு வடிவத்தில் நடக்கிறது. எஸ்பென்ஷேடும் அவருடைய கூட்டாளிகளும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு தகுதியுள்ள இருவரில் கெட்டிக்காரர் கூட்டத்தில் படித்தவருக்கு உயர்ந்த கல்லூரியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு சற்றுக் குறைகிறது என்று கண்டார்கள். ஒரே பள்ளியிலிருந்து நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் போனால், அந்த விண்ணப்பங்களே ஒன்றோடொன்று மோதும்.

கணக்கு ஆசிரியை என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2014-இல் வந்தது. அப்துல்காதிரோலு, ஆங்ரிஸ்ட், பதக் மூவரும் நியூயார்க், பாஸ்டன் தேர்வுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். கட்-ஆஃபுக்கு ஒரு மதிப்பெண் மேலே நின்ற பிள்ளைக்கும் ஒரு மதிப்பெண் கீழே நின்ற பிள்ளைக்கும் அறிவில் என்ன வேறுபாடு இருந்துவிடப் போகிறது? ஒரு கேள்விக்கு ஊகித்துப் போட்ட விடை சரியாக அமைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் உள்ளே போகிறார், மற்றவர் வெளியே நிற்கிறார். நான்கு ஆண்டு கழித்து இருவரையும் ஒப்பிட்டால் பள்ளி என்ன செய்தது என்பது தெரிந்துவிடும். ஒப்பிட்டார்கள். எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணிலோ, சேர்ந்த கல்லூரியிலோ சொல்லும்படியான வேறுபாடு இல்லை. டாபி, ஃபிரையர் இருவரும் நியூயார்க் பள்ளிகளைத் தனியே ஆராய்ந்து கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்தார்கள். இது கட்-ஆஃப் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றிய முடிவு. முதல் வரிசைப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் முடிவு வரும் மார்ச் மாதத்தில் அழுகை கேட்பது ஓரத்தில் நின்ற பிள்ளைகளின் வீடுகளில்தானே?

சிகாகோவிலிருந்து 2020-இல் வந்த ஆய்வு இன்னும் கனமானது. அங்கே தேர்வுப் பள்ளிகளில் ஏழைப் பகுதிப் பிள்ளைகளுக்கென்று இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அப்படி உள்ளே போன ஏழைப் பிள்ளைகள் பெயர்பெற்ற கல்லூரிகளில் சேர்வது கூடவில்லை, குறைந்தது. கடினமான போட்டியில் அவர்களுடைய பாட மதிப்பெண் இறங்கியது ஒரு முக்கியக் காரணம். ஆனால் பள்ளி வாழ்க்கை பற்றி அவர்கள் நல்லபடியாகவே சொன்னார்கள்: பாதுகாப்பாக இருந்தது, ஆசிரியர்களை நம்ப முடிந்தது.

இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நல்ல ஆய்வுக்கூடம், கணக்கைப் பற்றி மதிய உணவு வேளையில் சண்டை போடும் தோழர்கள், பயமில்லாத தாழ்வாரம், இவையெல்லாம் சிறிய பேறுகள் அல்ல. அவற்றுக்காக ஒரு பிள்ளை ஸ்டைவசன்ட் போக ஆசைப்பட்டால் தாராளமாக அனுப்புங்கள். ஹார்வர்டுக்காக அனுப்பாதீர்கள். ஸ்டைவசன்ட் முடித்தவர்களில் பெரிய கூட்டம் பிங்கம்டனுக்கும் ஸ்டோனி புரூக்குக்கும் சிட்டி பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கும்தான் போகிறது. என் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அங்கேதான் போகிறார்கள். நல்ல கல்லூரிகள் அவை.

மார்ச்சில் முடிவு வரும்போது, பெயர் வராவிட்டால், பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ‘எல்லாம் போச்சு’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கிடைத்த பள்ளிக்கு ஒருநாள் நேரில் போங்கள். கால்குலஸ் வகுப்பு நடக்கிறதா, இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, ஒரு கல்லூரி ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். இல்லை என்ற பதில் வந்தால் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அவற்றைக் கேட்டு வாங்குங்கள். ட்யூஷனுக்கு அலைந்த நேரத்தில் பாதி அதற்குப் போதும்.