7 நாளா, 30 நாளா?

போன வாரம் காய்கறிக்கு என்ன செலவாச்சுன்னு கேட்டால் ஓரளவு சொல்லிடுவோம், முந்தின வாரத்துச் செலவும் அதில் நுழையலாம். போன மாசம் முழுக்க எவ்வளவுன்னு கேட்டால் பாதி மறந்திருக்கும். இந்தச் சின்ன விஷயம்தான் இந்தியாவின் வறுமைக் கணக்கையே ஆட்டிப் பார்த்தது.

மகாலனோபிஸ் முயற்சியால் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, குடும்பங்களிடம் பல காலமாகக் கேட்டது கடைசி 30 நாள் செலவை. 1994 முதல் 1998 வரை ஒரு சோதனை செய்தார்கள். குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் பழைய கேள்வி. மறு பாதியிடம் உணவுக்கு 7 நாள், துணிமணி போன்றவற்றுக்கு 365 நாள். மறு பாதி சொன்ன உணவுச் செலவு சுமார் 30 சதவீதம் அதிகம், மொத்தச் செலவு சுமார் 17 சதவீதம் அதிகம். வறுமைக் கோட்டை ஒட்டியே கோடிக்கணக்கானோர் இருந்ததால், இந்த வித்தியாசம் மட்டுமே கிட்டத்தட்ட 20 கோடிப் பேரைக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடும். யாருக்கும் ஒரு கவளம்கூட கூடுதலாகக் கிடைக்காமலே!

1999-2000 ஆய்வில் உணவுக்கு இரண்டு கேள்விகளையும் ஒரே குடும்பத்திடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். வாரக் கணக்கைச் சொன்னவர், மாதக் கணக்கையும் அதோடு ஒத்துப்போகிற மாதிரிதானே சொல்வார்? 1993-94-இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 ஆகிவிட்டதாக அறிவிப்பு வந்தது. ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. கேள்வி மாறாத பொருள்களின் செலவை வைத்துத் திருத்திப் பார்த்த ஆங்கஸ் டீட்டனின் கணக்குப்படி, வறுமை குறைந்தது உண்மை. ஆனால் அறிவித்த அளவுக்கு இல்லை.

2022-23 ஆய்விலும் முறை மாறியது, ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனார்கள். அதை 2011-12-ஓடு ஒப்பிட்டு யாராவது வரைபடம் போட்டால், நான் முதலில் தேடுவது கேள்வித்தாளைத்தான்.