நாங்கூழும் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும்

குருநகர் உழவர்களின் ஊரன்று, கடலோடிகளின் ஊர். பழைய பெயர் கரையூர். ஆயினும் யாழ்ப்பாணத்துத் தோட்ட மண்ணின் கதையைக் கடற்கரையிலிருந்து தொடங்குவதில் நியாயம் உண்டு. குடாநாட்டுக் கமக்காரர் கரையொதுங்கும் சாதாளையையும் உரமாக்கியவர்கள். அதை மழையில் கிடத்தி உப்புப் போக்கிய பின்னரே மண்ணில் இடவேண்டும். தோலால் மூச்சுவிடும் மண்புழுவுக்கு, இலக்கியம் நாங்கூழ் என்று சொல்லும் அவ்வுயிருக்கு, உப்பு நஞ்சு.

சாதாளை மட்டுமன்று, பனையோலை, பூவரசங்குழை, ஆட்டெரு என மண்ணில் தாழ்த்த அனைத்தும் முடிவில் அதன் வயிற்றுக்கே சென்றன. சுண்ணக்கல்லின்மேல் மெல்லிதாய்ப் படிந்த செம்மண் இது. வெயிலில் இலைமக்கு விரைவில் சிதைந்துவிடும். மாரி ஈரத்தில் புழு மேலே வந்து, மக்கிய இலையை மண்ணோடு விழுங்கி, சிறு உருண்டைகளாகக் கழிக்கும். அவ்வுருண்டைக்குள் அகப்பட்ட மக்கு எளிதில் அழியாது. கோடையில் ஆழத்துக்குச் சென்று சுருண்டு உறங்கிவிடும். கிணற்று நீர் பாயும் தோட்டத்திலோ அதற்கு வேலைநாள் கூடுதல். ஆனால் புழு மக்கை உண்டாக்குவதில்லை. நாம் கொடுத்ததை மாற்றித் தருகிறது, அவ்வளவே.

இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண்ணைப் புழுக்கள் மேலே கொணர்கின்றன என்று டார்வின் 1881இல் நூலெழுதினார். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் நாங்கூழ்ப் புழுவை விளித்துப் போற்றும் பகுதியொன்று உண்டு. தமிழாசிரியர்கள் கூட அதை மறந்துவிட்டார்கள் போலும்!

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் மிளகாயும் வெங்காயமும் பணம் கொழித்தன. பசளை மூடைகள் பெருகின. குழை தாழ்ப்பது குறைந்தது. மிகுந்த பசளை சுண்ணக்கல்லின் வழியே இறங்கிக் கிணறுகளில் நைத்திரேற்றாய்ச் சேர்ந்தது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடை. வெடிபொருளாகும் என்று யூரியா தடுக்கப்பட்டது. கமக்காரர் குழைக்கும் எருவுக்கும் திரும்பினர். கைப்பழக்கம் இன்னும் அழியாதிருந்ததால் திரும்ப முடிந்தது.

2021 மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. நாடெங்கும் விளைச்சல் சரிந்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. பல பருவங்கள் குழையிட்டுத் தேற்றவேண்டிய மண்ணை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் தேற்ற நினைத்தார்கள்.

இப்போது மண்புழு உரம் பொதிகளில் கிடைக்கிறது. தொட்டிகளில் வளர்ப்பவை பெரும்பாலும் வெளிநாட்டினம். எருக்குவியலில் வாழ்பவை, வெறும் செம்மண்ணில் தங்கா. செம்மண்ணைக் குடைந்து வாழும் நம்மூர்ப் புழுவுக்கு வேண்டியது குழை. குழை தந்த பூவரச வேலிகள் பலவற்றின் இடத்தில் இன்று சீமெந்து மதில்கள் நிற்கின்றன.