பி.ஏ. இங்கிலீஷ் படிக்க கல்விக் கடன் வாங்கலாமா? சம்பளம் எவ்வளவு, இ.எம்.ஐ. எவ்வளவு? முழு விவரம்

பிளஸ் 2 முடித்ததும் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர நினைப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு குறைவு. கிடைக்காதவர்கள் தனியார் கல்லூரிக்குப் போகும்போதுதான் கல்விக் கடன் பேச்சு வருகிறது. இந்தப் படிப்பை நம்பி கடன் வாங்கினால், வரும் சம்பளத்தில் அதைக் கட்ட முடியுமா?

கல்விக் கடன் விதிகள் என்ன?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தைத்தான் பெரும்பாலான வங்கிகள் பின்பற்றுகின்றன. அதன்படி ரூ.7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. ஆனா அப்பா அல்லது அம்மா இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டலாம்.

பலரும் கவனிக்காத விஷயம், தவணை கட்டாத அந்தக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

3 லட்சம் வாங்கினால் எவ்வளவு கட்டணும்?

ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வீதம் மூன்று வருஷத்துக்கு 3 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வச்சுக்குவோம். நான்காம் ஆண்டு முடிவில் சாதாரண வட்டி மட்டும் ரூ.90,000 சேர்ந்திருக்கும். அதாவது கட்ட ஆரம்பிக்கும்போது கடன் ரூ.3.9 லட்சம்.

* 5 ஆண்டுகளில் கட்டினால்: மாதம் சுமார் ரூ.8,290
* 10 ஆண்டுகளில் கட்டினால்: மாதம் சுமார் ரூ.5,150
* 15 ஆண்டுகளில் கட்டினால்: மாதம் சுமார் ரூ.4,190

15 ஆண்டுத் தவணை லேசாகத் தெரியும். ஆனா மொத்தமாகக் கட்டும் தொகை ரூ.7.5 லட்சத்தைத் தாண்டிவிடும்.

சம்பளம் எவ்வளவு வரும்?

பி.ஏ. முடித்த கையோடு ரூ.15,000 சம்பளத்தில் ஒரு தனியார் வேலை கிடைக்கிறது என்றால், 10 ஆண்டுத் தவணைக்கே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கினால் கையில் மிச்சம் இருக்காது.

இந்தப் படிப்பை வைத்துப் போகக்கூடிய நல்ல வேலைகளும் இருக்கின்றன.

* அரசுப் பள்ளி பட்டதாரி ஆசிரியர்: தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.36,400. இதற்கு பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு, அதன் பின் நியமனத் தேர்வு வேண்டும்.
* கல்லூரி உதவிப் பேராசிரியர்: யு.ஜி.சி. ஊதிய விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.57,700. எம்.ஏ. முடித்து நெட் அல்லது செட் தேர்வில் வெற்றி பெற்றிருக்க வேண்டும், அல்லது பிஎச்.டி. வேண்டும்.
* பொதுத்துறை வங்கி கிளார்க்: தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.24,050. எந்த டிகிரியும் போதும், போட்டித் தேர்வில் ஜெயிக்கணும்.

சிக்கல் எங்கே?

மேலே உள்ள முதல் இரண்டு வேலைக்கும் பி.ஏ. மட்டும் போதாது. பி.ஏ. மூன்று வருஷம், பி.எட். இரண்டு வருஷம். தேர்வுக்கு உட்காரும்போதே ஐந்து வருஷம் ஓடியிருக்கும். ஆனா வங்கி நான்காம் ஆண்டு முடிந்ததும் தவணை கேட்கும். சம்பளம் வருவதற்கு முன்பே இ.எம்.ஐ. வந்துவிடுகிறது. இன்ஜினியரிங் மாணவருக்கு கேம்பஸ் வேலை கிடைத்தால் இந்த இடைவெளி இருக்காது. இலக்கியம் படித்தவருக்குப் பெரும்பாலும் இருக்கும்.

வட்டி மானியம் கிடைக்குமா?

ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. ஆனா அது தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மட்டும். பி.ஏ. ஆங்கிலத்துக்குப் பொருந்தாது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் எந்தப் படிப்பு என்ற கட்டுப்பாடு இல்லை. ரூ.8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. உங்கள் கல்லூரி அந்தத் திட்டப் பட்டியலில் இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது.

கட்டாமல் விட்டால்?

90 நாட்களுக்கு மேல் தவணை நின்றால் அது வாராக்கடன். மாணவரின் சிபில் ஸ்கோரோடு, கையெழுத்துப் போட்ட பெற்றோரின் ஸ்கோரும் அடிபடும். வங்கி வேலைக்குத் தயாராகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். கடன் பாக்கிப் பதிவு உள்ளவர்களை நியமிக்க முடியாது என்று ஸ்டேட் பாங்க் தன் ஆள் தேர்வு அறிவிப்புகளிலேயே சொல்கிறது.

சுமையைக் குறைக்க என்ன செய்யலாம்?

1. பி.ஏ.வை அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் முடித்துவிட்டு, தேவைப்பட்டால் பி.எட்., எம்.ஏ.வுக்குக் கடன் வாங்குங்கள். வேலைக்கு நெருக்கமான படிப்பு அதுதான்.

2. படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டுங்கள். மேலே சொன்ன கணக்கில் முதல் வருஷம் மாதம் ரூ.833தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் ரூ.1,000 அதற்குப் போதும். இரண்டாம் வருஷம் ரூ.1,667, அதன் பின் ரூ.2,500. இப்படிக் கட்டினால் 10 ஆண்டு இ.எம்.ஐ. ரூ.5,150-இல் இருந்து சுமார் ரூ.3,960 ஆகக் குறையும். மொத்தத்தில் ரூ.50,000-க்கு மேல் மிச்சம். சில வங்கிகள் வட்டியில் 1 சதவீதச் சலுகையும் தரும்.

3. மேற்படிப்புக்குப் போனாலோ, வேலை கிடைக்காவிட்டாலோ, தவணை நிற்பதற்கு முன்பே வங்கிக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவியுங்கள். அவகாசம் தருவதைப் பரிசீலிக்க மாதிரித் திட்டத்தில் இடமிருக்கிறது. கணக்கு வாராக்கடன் ஆன பிறகு கேட்டால் கஷ்டம்.

கையெழுத்துப் போடும் முன் மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாலு வருஷம் கழிச்சு என் மாசத் தவணை எவ்வளவு வரும்?" அந்தத் தொகை, முதல் வேலையில் நீங்கள் எதிர்பார்க்கும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், கடன் தொகையைக் குறைக்கவோ கல்லூரியை மாற்றவோ யோசிப்பது நல்லது.